கோச்சுக்குக் கல்தா, ஜி.எம்.முக்கு நாற்காலி

மறுபடியும் ஒரு கோச்சை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், நான் உயிரைக் கொடுத்துப் பார்க்கிற அணியில். ஜெனரல் மேனேஜர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, 'அணிக்கு ஒரு மாற்றம் தேவைப்பட்டது' என்கிறார். ஐயா, அந்தக் கோச்சைக் கூட்டி வந்ததே நீங்கள்தானே? அவர் கையில் கொடுத்த அத்தனை பேரையும் பொறுக்கியதும் நீங்கள்தானே?

எந்த ஊர் அணியானாலும் இதே கதைதான். 2009 என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) டிராஃப்டை, அதாவது அணிகள் முறை வைத்துப் புது ஆட்டக்காரர்களைப் பொறுக்கியதை, நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரியும். மினசோட்டா அணியின் நிர்வாகி டேவிட் கான் 5-ஆவதாக ரிக்கி ரூபியோவை எடுத்தார். பாயிண்ட் கார்ட், அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவர். சரி. 6-ஆவதாக ஜானி ஃப்ளின். அவரும் பாயிண்ட் கார்ட்! 18-ஆவதாக டை லாசன். அவரும் அதே! (அவரை உடனே டென்வருக்குத் தள்ளிவிட்டார்கள்.) நடுவில் 7-ஆவதாக கோல்டன் ஸ்டேட் அலுங்காமல் எடுத்துக்கொண்டு போனது, பின்னாளில் சூப்பர் ஸ்டாரான ஸ்டெஃபன் கரியை.

கணிப்பு யாருக்கும் தவறும், அதை விடுங்கள். 2014-இல் 41-ஆவதாக, பின்னாளில் லீகின் சிறந்த ஆட்டக்காரரான யோகிச்சை எடுத்த டென்வரே முதல் சுற்றில் வேறு ஆளைத்தான் எடுத்தது. என் ஆத்திரம் எடுத்த பிறகு நடந்ததில். ரூபியோ இரண்டு வருஷம் ஸ்பெயினிலேயே தங்கிவிட்டார். ஃப்ளின் பந்தைத் தன் கையில் வைத்து ஆடிப் பழகியவர். கான் நியமித்த கோச் கர்ட் ராம்பிஸின் டிரையாங்கிள் ஆட்டத்திலோ பந்து ஒருவர் கையில் தங்காது. அப்புறம் அந்தப் பையன் எங்கே வளர்வது? இடுப்பில் அறுவை சிகிச்சை வேறு. மூன்றே சீசனில் அவருடைய என்பிஏ வாழ்க்கை முடிந்தது. ராம்பிஸ் 132 தோல்விகளைச் சுமந்துகொண்டு 2011-இல் வெளியே போனார். கான் மட்டும் 2013 வரை ஜம்மென்று உட்கார்ந்திருந்தார்.

டார்கோ மிலிசிச்சை மறக்க முடியுமா? 2003-இல் டெட்ராய்ட் 2-ஆவதாக எடுத்தபோது அவருக்கு வயது 18. பின்னாளில் நட்சத்திரங்களான கார்மெலோ, பாஷ், வேட் மூவரும் அவருக்குப் பின்னால்தான் போனார்கள். அணி அடுத்த வருஷமே சாம்பியன், அதனால் மேலே யாரையும் ஒரு கேள்வி கேட்கவில்லை. பையனோ பெஞ்சில். ஆட்டம் கையில் வந்த பிறகு, கடைசி ஒன்றிரண்டு நிமிஷத்துக்கு எழுப்பி அனுப்புவார்கள். அவர் மேல்சட்டையைக் கழற்றினாலே கூட்டம் சிரிக்கும், 'ஆட்டம் முடிஞ்சாச்சு' என்று. வளர்க்காதது அவர்கள், 'பஸ்ட்' (தேறாத ஆள்) என்ற பட்டம் அவனுக்கு.

2025 பிப்ரவரியில் தங்கள் நட்சத்திரம் லூகா டான்சிச்சை லேக்கர்ஸ் அணிக்குத் தூக்கிக் கொடுத்த ஜி.எம். நிகோ ஹாரிசனை டாலஸ் நிர்வாகம் நவம்பரில் நீக்கியது. அதற்கே ரசிகர்கள் அரங்கத்தில் 'ஃபயர் நிகோ' (நிகோவைத் தூக்கு) என்று மாதக்கணக்கில் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருந்தது.

எங்கள் ஜி.எம். இப்போது புதுக் கோச்சுக்கு நேர்காணல் நடத்துகிறாராம். கேள்வி கேட்கிற பக்கத்தில் உட்கார்ந்து.