மருந்தை நிறுத்தினார்கள், சௌசௌ கூடியது

பூச்சிமருந்தைக் குறைத்தால் விவசாயி தெருவுக்கு வந்துவிடுவான் என்று அடித்துப் பேசுகிறவர்களை ஒருமுறையாவது சலாசிக்கு அழைத்துப் போக வேண்டும். நாங்கள் இருக்கும் ரீயூனியன், இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான தீவு. அதன் நடுவில், மலை சூழ்ந்த ஊர் சலாசி. நம்மூர் சௌசௌ அங்கே சோறு போடுகிற பயிர். சூசூ என்பார்கள். காய், கொழுந்து இரண்டையும் சமைப்பார்கள். கொடித்தண்டை உரித்துக் காயவைத்துத் தொப்பி பின்னுவதும் உண்டு.

இருபது வருடத்துக்கு முன்னால் அந்தப் பயிர் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. காரணம், காய்கறி ஈ. பிஞ்சில் ஊசி குத்தினாற்போல் துளையிட்டு முட்டை வைத்துவிடும். வாராவாரம் மருந்தடித்தும் காய் கொட்டிக்கொண்டே இருந்தது. மருந்துக் கடைக் கடன் ஒரு பக்கம், குப்பையில் கொட்டிய காய் மறுபக்கம். பந்தலையே பிரித்துப்போட்டவர்கள் உண்டு.

மருந்து ஏன் கேட்கவில்லை? அந்த ஈயின் குடியிருப்பு பந்தல் கிடையாது. சுற்றியிருக்கும் செடிகொடிகளில், குறிப்பாக மக்காச்சோளத்தில்தான் பகலெல்லாம் உட்கார்ந்திருக்கும். முட்டை வைக்க மட்டும் பந்தலுக்கு வந்துபோகும். ஆக, மருந்து விழுந்த இடம் ஒன்று, ஈ இருந்த இடம் வேறு. பந்தலிலேயே இருந்தவை தேனீயும் சிலந்தியும் ஈயின் புழுவைத் தின்று வளரும் சின்னக் குளவியும்தான். விவசாயி தன் காசைப் போட்டு அவற்றைத்தான் கொன்றுகொண்டிருந்தார். சௌசௌவில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. தேனீ வராவிட்டால் பிஞ்சே பிடிக்காது!

2009 முதல் 2011 வரை சிராட் ஆய்வு நிறுவனமும் விவசாய சபையும் விவசாயிகளைக் கூட வைத்துக்கொண்டு 'காமூர்' என்றொரு திட்டத்தை நடத்தின. தோட்டத்து ஓரத்தில் மக்காச்சோளம் விதைத்தார்கள். ஈக்கள் அங்கே ஒதுங்கும். மண் பாக்டீரியாவிலிருந்து எடுக்கும் ஸ்பினோசாட் என்ற பூச்சிக்கொல்லி கலந்த இரையை அந்தச் சோளத்தில் மட்டும் அங்கங்கே பொட்டுப் பொட்டாகத் தெளித்தார்கள். பந்தலுக்குக் கீழே புல்லை வளரவிட்டார்கள். எல்லாவற்றையும் விட முக்கியம், புழு வைத்த காயைப் பொறுக்கி அடைத்து வைத்தது.

இதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். என் கணவர் வழியில் ஒரு பெரியவர் அங்கே பந்தல் வைத்திருக்கிறார். காலையில் வாளியோடு கிளம்பி, உதிர்ந்த காய்களைக் குனிந்து பொறுக்குவார். துளை விழுந்த இடத்தில் பால் கசிந்து கோந்து மாதிரி உறைந்திருக்கும். ஒன்றைப் பிளந்து காட்டினார். வெளிர் மஞ்சள் புழுக்கள் வளைந்து, துள்ளி அவர் உள்ளங்கையிலிருந்து தாவின. வாளிக் காயை அப்படியே ஒரு சின்னக் கூடாரத்துக்குள் கொட்டி ஜிப்பை இழுத்தார். ஹவாயில் கண்டுபிடித்த கூடாரம், பெயர் ஆக்மென்டோரியம். உச்சியில் ஒரு வலை இருக்கிறது. அதன் கண்களில் குளவி நுழைந்து வெளியேறிவிடும், ஈ நுழைய முடியாது. உள்ளே பிறக்கும் ஈ அங்கேயே சாகும். குளவி தோட்டத்துக்குத் திரும்பிப் போய் மிச்ச ஈக்களைப் பார்த்துக்கொள்ளும். "முன்பெல்லாம் இந்தக் காயைப் பந்தலடியிலேயே விட்டுவிடுவோம், அதாவது ஈயை நாங்களே வளர்த்தோம்" என்றார்.

திட்டத்தில் சேர்ந்த தோட்டங்களில் பந்தல்மேல் பூச்சிமருந்து அடிப்பது நின்றது, சேதமும் குறைந்தது. கைவிட்டுப் போன பயிருக்கு மறுபடி பந்தல் போட்டார்கள். விஷத்தைக் குறைத்ததால் விளைச்சல் குறைந்ததாக யாரும் அங்கே சொல்லவில்லை.

அப்புறம் ஏன் இது எல்லா ஊரிலும் நடக்கவில்லை என்பதுதான் என் ஆத்திரம். பிரெஞ்சு அரசு 2008இல் 'எக்கோஃபித்தோ' என்று திட்டம் போட்டு, பத்தே வருடத்தில் மருந்துப் பயன்பாட்டைப் பாதியாக்குவோம் என்றது. நடக்கவில்லை. கெடுவை 2025க்குத் தள்ளினார்கள். 2024இல் விவசாயிகள் டிராக்டரோடு சாலைக்கு வந்ததும் திட்டத்தையே நிறுத்திவைத்து, பிறகு அளக்கும் முறையை மாற்றினார்கள். பாரிஸில் உட்கார்ந்து ஐம்பது சதவீதம் என்று எழுதிவிட்டால் ஆகிவிடுமா? சலாசியில் நடந்ததற்குக் காரணம், வழி தெரிந்தவர்கள் பந்தலடிக்கு வந்து விவசாயியோடு நின்றார்கள். அந்த ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்காமல் தடையை மட்டும் கையில் கொடுத்தால் விவசாயி கோபப்படத்தான் செய்வார். அந்தக் கோபம் நியாயம் என்றே நினைக்கிறேன்.

எல்லாம் சுலபம் என்றும் சொல்ல மாட்டேன். 2017இல் ஆசியப் பழ ஈ இந்தத் தீவுக்குள் நுழைந்தது. மாந்தோப்புக்காரர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஒரு காய்க்குக் கிடைத்த வழி எல்லாப் பழத்துக்கும் பொருந்தாது. ஒவ்வொரு பயிருக்கும் தனியாகத் தேட வேண்டும், அதற்கும் ஆள் வேண்டும்.

கரும்பில் கதை வேறு. மடகாஸ்கரிலிருந்து வந்த வெள்ளைப் புழுவை ஒரு பூஞ்சையை வைத்து அடக்கிவிட்டதால் இங்கே கரும்புக்குப் பூச்சிமருந்து தேவைப்படுவதில்லை. ஆனால் களைக்கொல்லி உண்டு. அதில் ஒன்றான அட்ராசின் 2003இல் தடையானது. அது சிதைந்த மிச்சம் பல வருடம் கழித்தும் இந்தத் தீவின் நிலத்தடி நீரில் அகப்பட்டது.

என் மாமனார் கரும்புக்காரர். முதுகில் டேங்க் கட்டி, கையுறை கூட இல்லாமல் களைக்கொல்லி அடித்தவர். அந்தச் சட்டையை மாமியார் கையால்தான் துவைப்பார். கடைசி வருடங்களில் கோயிலில் விபூதி எடுத்துப் பூச, ஒரு கையை இன்னொரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பார்க்கின்சன். அந்த மருந்தால்தான் வந்தது என்று ஒரு தனி மனிதர் விஷயத்தில் எந்த டாக்டராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் ஆயிரக்கணக்கானவர்களைப் பார்த்த ஆய்வுகளை அலசி, பிரெஞ்சு மருத்துவ ஆய்வு நிறுவனமான இன்செர்ம் 2013இலும் 2021இலும் சொன்னது தெளிவானது. பூச்சிமருந்து, களைக்கொல்லியோடு பழகியவர்களுக்கு பார்க்கின்சன், நிணநீர்ப் புற்று, புராஸ்டேட் புற்று வருவதில் அவற்றுக்குப் பங்கு உண்டு என்று நம்ப வலுவான காரணம் இருக்கிறது.

கரீபியக் கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவுகளான குவாதலூப், மார்த்தினிக்கில் நடந்ததை நம்மவர்கள் மறக்கவே கூடாது. 1850களில் நம் ஊர்க் கரைகளிலிருந்து கப்பலேறிப் போனவர்களின் பிள்ளைகள் அங்கேயும் இருக்கிறார்கள். வாழைக் கூன்வண்டுக்காக 1972 முதல் 1993 வரை அங்கே குளோர்டெக்கோன் என்ற பூச்சிமருந்தைப் போட்டார்கள். பிரான்ஸ் 1990இலேயே தடை செய்தது, தீவுகளுக்கு மட்டும் விலக்கு! இன்று அங்குள்ள பெரியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இரத்தத்தில் அது இருக்கிறது. மண்ணை விட்டுப் போக நூற்றாண்டுகள் ஆகலாம். தூரத்துத் தீவில் இருப்பவன் உயிர் மலிவு என்பதைத் தவிர அந்த விலக்குக்கு வேறு என்ன அர்த்தம்?

அதனால்தான் 2025இல், பிரான்சில் தடை செய்த அசெட்டாமிப்ரிட் என்ற பூச்சிமருந்தை மறுபடி அனுமதிக்கச் சட்டம் வந்தபோது எதிர்த்துக் கையெழுத்துப் போட்ட இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் நானும் ஒருத்தி. ஆகஸ்டில் அரசியலமைப்பு மன்றம் அந்தப் பிரிவை அடித்துவிட்டது. சந்தோஷம். இனி அந்த வேகத்தில் பாதியாவது ஊருக்கொரு ஆலோசகர் கேட்பதில் காட்டுவோம்.

இங்கே இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு விஷயம். பார்க்கின்சனை 2012இலும், நிணநீர்ப் புற்றை 2015இலும், புராஸ்டேட் புற்றை 2021இலும் விவசாயத் தொழில் நோய்களாகச் சேர்த்திருக்கிறார்கள். அட்டவணையில் உள்ள நிபந்தனைகள் பொருந்தினால் இந்த மருந்தால்தான் வந்தது என்று நோயாளி நிரூபிக்க வேண்டியதில்லை. 2020இல் அமைத்த இழப்பீட்டு நிதி விவசாயிக்கும் தொழிலாளிக்கும் மட்டுமல்ல, பெற்றோர் வேலையால் கருவிலேயே பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கும் உண்டு. என் மாமனார் இதெல்லாம் வரும் முன்பே போய்ச் சேர்ந்தார். உங்கள் வீட்டில் கரும்பிலோ காய்கறியிலோ வேலை பார்த்த பெரியவர்களுக்கு இந்த நோய் இருந்தால், பழைய மருந்து ரசீது, கரும்பு ஆலைச் சீட்டு, சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் தேடி எடுத்துக்கொண்டு டாக்டரிடம் சான்றிதழ் கேளுங்கள். பிரெஞ்சுப் படிவம் நிரப்பத் தெரியாது என்று யாரும் விட்டுவிட வேண்டாம், எனக்கு இன்பாக்ஸில் எழுதுங்கள், உட்கார்ந்து நிரப்பித் தருகிறேன்.