கணினி வாசித்துக் காட்டுவது மதிப்பெண் தானம் அல்ல

அண்ணா, "டிஸ்லெக்சியா (எழுத்துகளை வாசிப்பதில் சிரமம் தரும் குறைபாடு) என்று டாக்டர் கடிதம் வாங்கினால் போதும், மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) தேர்வில் லேப்டாப்பே விடை சொல்லிவிடும், சட்டப்படி காப்பி" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இதைப் பரப்பாதீர்கள். இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் பல பெற்றோர் ஏற்கெனவே வெட்கப்பட்டு, விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள்.

கடிதம் மட்டும் போதாது. 2014-இல் வந்த சயாஸ் (SIAS) கொள்கைப்படி, அதாவது எந்தப் பிள்ளைக்கு என்ன உதவி தேவை என்று கண்டறிந்து ஆதரவு தருவதற்கான கல்விக் கொள்கைப்படி, பள்ளியின் ஆதரவுக் குழு பிள்ளையின் எழுத்து வேலைகளையும் ஆசிரியர் குறிப்புகளையும் சேர்த்து அனுப்ப வேண்டும், முடிவெடுப்பது கல்வித்துறை.

லேப்டாப் என்ன செய்கிறது? வினாத்தாளில் அச்சான சொற்களை அப்படியே வாசிக்கிறது. "எக்ஸின் மதிப்பைக் காண்க" என்று குரல் சொன்னால், கண்டுபிடிப்பது பிள்ளைதான். பார்வையற்ற மாணவருக்கு பிரெய்ல் தாள் கொடுப்பதை யாரும் காப்பி என்று சொல்வதில்லையே! வாசிப்புத் திறனையே சோதிக்கும் மொழித்தாள் என்றால் வாசித்துக் காட்டலாமா என்பது நியாயமான விவாதம், அதை ஒப்புக்கொள்கிறேன். கணக்கிலும் அறிவியலிலும் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

இது சலுகையும் அல்ல. மாற்றுத்திறனைக் காரணம் காட்டி நியாயமற்ற பாகுபாடு கூடாது என்று நம் அரசியலமைப்பின் 9-ஆம் பிரிவு சொல்கிறது. 2018-இல் சைகை மொழியையே தாய்மொழிப் பாடமாக மெட்ரிக்கில் எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

பத்தாம் வகுப்பில் பிள்ளை இருந்தால் இப்போதே பள்ளியில் கேளுங்கள். மெட்ரிக் ஆண்டில் கேட்டால் நேரம் போதாது.