நான் படித்ததும் புத்தகம்தான்

ஞாயிற்றுக்கிழமை வாசகர் கூட்டத்தில் நடந்தது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு இந்நேரம் யாராவது சொல்லியிருப்பார்கள். அதனால் முழுக்கதையையும் திரும்பச் சொல்லவில்லை. மூன்று நாள் பேசாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை.

"கடைசி ரெண்டு மாசத்துல என்ன படிச்சீங்க?" என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார்கள். என் முறை வந்தபோது உள்ளதைச் சொன்னேன். நான்சி ட்ரூ நான்கு, ட்ரிக்ஸி பெல்டன் ஒன்று, ஜூடி போல்டன் பாதியில் இருக்கிறது. மூன்றுமே சிறுமிகளுக்காக எழுதிய அமெரிக்கத் துப்பறியும் கதை வரிசைகள். "பேத்தி எடுக்கிற வயசுல பாப்பா புக்கா மேடம்?" என்றார் ஒரு நண்பர். எல்லோரும் சிரித்தார்கள். என் பக்கத்து நாற்காலியில் இருந்தவரும் சிரித்தார், அதுதான் இன்னும் உறுத்துகிறது. எனக்கு அடுத்துப் பேசியவர், வரிசையாகப் பிணம் விழுகிற ஒரு ஸ்வீடன் நாவலைப் பற்றிச் சொன்னார். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. இரண்டு பேர் பெயரைக் குறித்துக்கொண்டார்கள்.

அவர் படித்ததும் துப்பறியும் கதை, நான் படித்ததும் துப்பறியும் கதை. அவர் கதையில் துப்பறிகிறவர் குடியால் குடும்பத்தைத் தொலைத்த ஐம்பது வயது ஆண். என் கதையில் துப்பறிகிறவள் 16 வயதுப் பெண். இதைத் தவிர வேறு என்ன வித்தியாசம் என்று மூன்று நாளாக யோசிக்கிறேன்.

நான் விமர்சகர் இல்லை. இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவி வைத்த பிறகு முப்பது பக்கம் படிக்கிற ஆள். எனக்குப் பிடித்ததைப் படிக்கிறேன். அதற்காக நான் படிப்பது படிப்பே இல்லை என்று ஆகிவிடாது.

சிரித்தவர்களில் எத்தனை பேர் அந்தப் புத்தகத்தைத் திறந்து பார்த்திருப்பார்கள் என்று தெரியவில்லை. 1930 ஏப்ரலில் அமெரிக்காவில் நான்சி ட்ரூ வரிசையின் முதல் மூன்று புத்தகங்களும் ஒன்றாக வெளிவந்தன. முதல் கதை 'தி சீக்ரெட் ஆஃப் தி ஓல்ட் க்ளாக்'. ஒரு பெரியவர் இறந்துபோகிறார். அவர் கடைசியாக எழுதிய உயிலைக் காணோம். ஏற்கெனவே பணத்தில் புரளும் குடும்பம் ஒன்றுக்குச் சொத்து மொத்தமும் போகப் போகிறது, அவர் உதவுவதாகச் சொல்லியிருந்த ஏழை உறவுகள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள். அந்த உயிலைத் தேடித்தான் நான்சி கிளம்புகிறாள். ஏரிக்கரை வீடு ஒன்றில் திருடர்கள் அவளைத் துணி அலமாரிக்குள் தள்ளிப் பூட்டிவிடுகிறார்கள். முதலில் பயந்துபோய்க் கதவைத் தட்டுகிறாள், கத்துகிறாள். அப்புறம் நிதானத்துக்கு வந்து, இருட்டில் கையால் தடவித் தடவி, துணி மாட்டும் கட்டையைக் கழற்றி, அதையே நெம்புகோலாக வைத்துக் கதவை நெம்பப் பார்க்கிறாள். 1930-இல் ஒரு பெண் குழந்தை கையில் கொடுத்த கதை இது. பயந்தாள், பிறகு யோசித்தாள் என்று எழுதியிருக்கிற கதை.

எனக்கு இது முதலில் கிடைத்தது 1988-இல், திருச்சியில் எங்கள் தெருமுனையில் இருந்த லெண்டிங் லைப்ரரியில். மாடிப்படிக்குக் கீழே இருந்த ஓர் அறைதான் லைப்ரரி. நான் எட்டாம் வகுப்பு, தமிழ் மீடியம். ஒரு நாளைக்கு 50 காசு வாடகை என்பதால் இரண்டு நாளுக்குள் முடித்தாக வேண்டும். மஞ்சள் முதுகு அட்டை, உள்ளே கடைசித் தாளில் ஊதா மையில் தேதி முத்திரைகள். அந்தப் புத்தகத்தில் எனக்கு முன்னால் படித்த யாரோ ஒருத்தி ஓரமெல்லாம் பென்சிலால் அர்த்தம் எழுதி வைத்திருந்தாள். 'அட்டிக்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'பரண்'. 'வில்' என்பதற்கு 'உயில்' என்று எழுதி இரண்டு கோடு. பெண் கையெழுத்து என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். 60 பக்கம் வரைக்கும் அர்த்தம் இருந்தது. அதற்கு மேல் இல்லை, கதை அவளை இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். நான் ஆங்கிலம் படிக்கக் கற்றது அந்த ஓரங்களில்தான். பள்ளிக்கூடத்தில் இல்லை.

நான்சி காரை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அவள் அப்பா சாவியைப் பிடுங்கி வைத்துக்கொள்வதில்லை. அவர் வக்கீல். தன் வழக்கைப் பற்றி மகளிடம் பேசுகிறார், நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்கிறார். எங்கள் வீட்டில் சைக்கிளில் லைப்ரரி வரை போவதற்கே தம்பியைப் பின்னால் உட்கார வைத்துக்கொள்ள வேண்டும். ஓர் அப்பா பெண்ணிடம் கருத்துக் கேட்பார் என்பது எனக்கு அந்தப் புத்தகத்தில்தான் தெரிந்தது. இதைப் பாப்பா புக் என்று ஒருவர் சொல்லும்போது எனக்கு வலிக்கும். வலிக்கத்தான் செய்யும்.

சரி, அடுத்து என்ன சொல்வீர்கள் என்று தெரியும். "அது ஆள் வைத்து எழுதிய தொழிற்சாலைச் சரக்கு, அட்டையில் போட்டிருக்கிற கரோலின் கீன் என்று ஓர் எழுத்தாளரே கிடையாது." கிடையாதுதான். பதிப்பகங்களுக்குக் கதை வரிசைகள் தயாரித்துக் கொடுத்த எட்வர்ட் ஸ்ட்ராட்டமேயர் என்பவர் கதைச்சுருக்கம் கொடுப்பார், வேறொருவர் எழுதுவார், அட்டையில் கற்பனைப் பெயர் இருக்கும். நான்சி ட்ரூவின் முதல் 30 புத்தகங்களில் 23-ஐ எழுதியவர் மில்ட்ரெட் வர்ட் பென்சன். அயோவாக்காரர், பத்திரிகையாளர், பிற்பாடு விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டவர். முதல் புத்தகத்துக்கு அவருக்குக் கிடைத்தது 125 டாலர். அதோடு சரி. ராயல்டி இல்லை, எழுதியது நான்தான் என்று வெளியே சொல்லும் உரிமையும் இல்லை. இடையில் பொருளாதார மந்தத்தைக் காட்டி 75 டாலர்தான் என்றபோது, மூன்று புத்தகங்களை எழுத மறுத்துவிட்டார். 1980-இல் பதிப்பகங்களுக்கு நடுவே ஒரு வழக்கு வந்து, அவர் சாட்சி சொல்லப் போனபோதுதான் விஷயம் சபைக்கு வந்தது. ஐம்பது வருடம்! லட்சக்கணக்கான பெண்கள் அவர் எழுதியதைப் படித்து வளர்ந்திருக்கிறார்கள், அநேகமாக ஒருவருக்கும் அவர் பெயர் தெரியாது. 2002-இல், தன் 96-ஆவது வயதில், டொலீடோ நகர நாளிதழ் ஒன்றின் அலுவலகத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது உடம்பு முடியாமல் போய், அன்றைக்கே இறந்தார்.

தொழிற்சாலைச் சரக்கு என்று நீங்கள் சொன்னால் எனக்கு இந்த அம்மாதான் கண்ணில் நிற்கிறார். கூலிக்கு எழுதியவர் எழுதியதெல்லாம் எழுத்தில்லை என்றால், வாரப் பத்திரிகையில் பக்கக் கணக்குக்கு எழுதிய நம் ஊர்க்காரர்களை என்ன செய்வீர்கள்? அவர்களில் சிலருக்கு நீங்களே நூற்றாண்டு விழா எடுக்கிறீர்களே.

இன்னொரு கேள்வி இருக்கிறது. அதைக் கேட்டால் நான் தலை குனிவேன். பழைய பதிப்புகளில் நிறவெறி இருக்கிறது. முதல் கதையில் அந்த ஏரிக்கரை வீட்டுக் காவலாளி ஒரு கறுப்பர். அவரைக் குடிகாரராக, கேலிப் பேச்சுக்காரராகக் காட்டியிருக்கிறார்கள். போன மாதம் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன், அன்று இரவு மேலே படிக்கவில்லை. 1959-இலிருந்து ஸ்ட்ராட்டமேயரின் மகள் ஹாரியட் ஆடம்ஸ் பழைய புத்தகங்களைத் திருத்தி வெளியிட்டார். திருத்தம் என்றால் என்ன? அந்தக் காவலாளியை மரியாதையான மனிதராக மாற்றி எழுதியிருக்கலாம். வெள்ளைக்காரராக மாற்றிவிட்டார்கள். கறுப்பர் கதையிலிருந்தே காணாமல் போனார். கூடவே 25 அத்தியாயம் 20 ஆனது, நான்சிக்கு வயது 18 ஆனது, அவளுடைய துடுக்கும் கொஞ்சம் அடங்கிப்போனது. நான் சிறுவயதில் படித்தது இந்தத் திருத்திய பதிப்பு. இப்போது பழையதை வாங்கிப் படிக்கிறேன். இரண்டும் எனக்கு வேண்டும். பிடித்த புத்தகத்தில் இருக்கிற அழுக்கைப் பார்க்க மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை யாரும் இதற்காகச் சிரிக்கவில்லை. இந்தக் கேள்வியை யாராவது கேட்டிருந்தால் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசியிருப்பேன்.

"நேரத்தை நல்ல புத்தகத்துக்குச் செலவழிக்கலாமே" என்பவர்களுக்கு: நேரம் என்னுடையது.

"சும்மா விளையாட்டுக்குச் சொன்னார், ஏன் இவ்வளவு பெரிசு பண்றீங்க?" என்று இரண்டு தோழிகள் இன்பாக்ஸில் கேட்டிருந்தார்கள். ஏன் என்று சொல்கிறேன்.

என் அம்மா வார இதழ்களில் வந்த தொடர்கதைகளை வாரம் தவறாமல் பிரித்தெடுத்து, சேர்த்து, ஊசி நூலால் தைத்து, பிறகு பைண்டிங் கடையில் கொடுத்து வைத்திருந்தாள். நீல காலிகோ அட்டை. முதுகில் கதையின் பெயரை அவளே வெள்ளைத் தாளில் எழுதி ஒட்டுவாள். முப்பத்தோரு புத்தகம். ஒவ்வொன்றிலும் முன் பக்கம் அவள் பெயரும் வருடமும் இருக்கும். 1996-இல் வீடு மாறியபோது அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். வீட்டுப் பெரியவர்கள் அத்தனையையும் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டார்கள். "வெறும் பொம்பளைங்க கதைதானே" என்று சொன்னது என் காதிலேயே விழுந்தது. அதே பரணில் இருந்த தாத்தாவின் சட்டப் புத்தகங்கள், செல்லரித்துப் போனவை, பத்திரமாகப் புது வீட்டுக்கு வந்து சேர்ந்தன. அம்மா திரும்பி வந்து அலமாரியைத் திறந்து பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. அதன் பிறகு அவள் எதையும் சேர்த்து வைக்கவில்லை.

அன்றைக்கு நான் ஒரு வார்த்தை பேசவில்லை. இருபது வயதாகியும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் பேசாமல்தான் வந்தேன். அந்த நண்பருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை, அவர் கெட்டவரும் இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குப் புதிது இல்லை. ஆண் படித்தால் வாசிப்பு, பெண் படித்தால் பொழுதுபோக்கு என்பதை நான் முப்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி சோனியா சோட்டோமேயர் சிறுவயதில் நான்சி ட்ரூ படித்துவிட்டுத் துப்பறிவாளராக ஆசைப்பட்டவர். அதை அவரே சொல்லியிருக்கிறார். அவர் எங்கள் கூட்டத்தில் எழுந்து சொல்லியிருந்தாலும் சிரித்திருப்பீர்களா?

இல்லை, இந்த உதாரணமே வேண்டாம். நீதிபதி ஆனால்தான் படித்ததற்கு மதிப்பு என்று ஆகிவிடும். என் அம்மா ஒன்றும் ஆகவில்லை. பென்சிலால் அர்த்தம் எழுதிய அந்தப் பெண் என்ன ஆனாள் என்று எனக்குத் தெரியாது. அவர்கள் படித்ததும் புத்தகம்தான்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வருவேன். என்ன படித்தீர்கள் என்று கேட்டால் இதே மாதிரி உள்ளதைச் சொல்வேன். இப்போது கையில் இருப்பது ஜூடி போல்டனின் முதல் கதை, 1932-இல் வந்தது. இதை எழுதிய மார்கரெட் சட்டன் சொந்தப் பெயரிலேயே 38 புத்தகம் எழுதினார். 1911-இல் பென்சில்வேனியாவில் ஆஸ்டின் என்ற ஊரில் நிஜமாகவே ஓர் அணை உடைந்து ஊரை அடித்துக்கொண்டு போனது. அதை வைத்து எழுதிய கதை. அணையை ஒழுங்காகக் கட்டவில்லை என்று தெரிந்த ஆட்கள் ஜூடியை மிரட்டிக்கொண்டிருக்கிறார்கள். தண்ணீர் இன்னும் வரவில்லை. மணி பதினொன்று ஆகிறது, பாத்திரமும் கழுவி வைத்தாயிற்று. போய்ப் படிக்கிறேன்.