பருவம் தப்பினால் 21 நாள் தண்டம்

மாடு வளர்ப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் முதலில் வருவது புண்ணாக்கு விலை. அடுத்து வைக்கோல். நாஞ்சில் நாட்டு வயல்கள் வாழையும் தென்னையும் வீட்டுமனையுமாக மாறிக்கொண்டிருக்கும்போது வைக்கோலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நியாயமான புலம்பல்தான். ஆனால் குமரி மாவட்டத்தில் குலசேகரம், திருவட்டாறு பக்கம் ஒன்றிரண்டு பசு வைத்திருக்கும் வீடுகளைப் பார்த்த வரையில், அதைவிடக் கூடுதலாகக் காசு போவது பசு பருவத்துக்கு (சினை பிடிக்கிற வேளைக்கு) வந்ததை யாரும் கவனிக்காமல் விடுவதால்தான் என்பேன்.

கன்று போட்டால்தான் பால். சினைக்காலம் சுமார் 280 நாள். வருஷத்துக்கு ஒரு கன்று வேண்டுமென்றால் ஈன்ற 85 நாளுக்குள் மறுபடி சினை நிற்க வேண்டும். அதில் கருப்பை பழைய நிலைக்கு வரவே 40 நாள் போய்விடும். மீதி நாளில் இரண்டு பருவம் கிடைத்தாலே பெரிது. பருவம் 21 நாளுக்கு ஒருமுறை வரும். வந்தால் ஒரு நாள்கூட முழுசாக நிற்காது. அதை விட்டால் இன்னொரு 21 நாள் தண்டத்துக்குத் தீனி போட வேண்டியதுதான்.

இதில் ரப்பர் வெட்டுகிற வீடுகளுக்கு என்றே ஒரு சிக்கல் உண்டு. பசு பருவத்தை அதிகம் காட்டுவது ராத்திரியிலும் விடியற்காலையிலும். அந்த நேரத்தில் ஆள் தோட்டத்தில் நிற்பார். ரப்பர் பால் எடுத்து, உறைய வைத்து, ஷீட் அடித்துவிட்டுத் தொழுவத்துக்கு வரும்போது பசு ஒன்றும் நடக்காததுபோல அசைபோட்டுக்கொண்டிருக்கும். போதாததற்கு நம்ம ஊர்ப் புழுக்கம். எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன் என்கிற சீமை இனம்) கலப்பு கூடிய பசுவுக்கு வெக்கை தாங்காது, பருவம் வந்தாலும் கத்தாது. ஊமைப் பருவம் என்பது இதைத்தான். ஒற்றைப் பசு என்றால் மேலே தாவிக் காட்டிக்கொடுக்க இன்னொரு மாடும் இல்லை.

எங்கள் பக்கத்து வீட்டு மாமி காலையில் அரை லிட்டர் பால் குறைந்தாலே வாலைத் தூக்கிப் பார்த்துவிடுவார். முட்டை வெள்ளைக்கரு மாதிரி தெளிந்த கோழை அறுபடாமல் நூலாகத் தொங்கினால் சமையலறைக் காலண்டரில் ஒரு வட்டம் விழும். காலையில் கண்டால் சாயங்காலம் சினை ஊசி (காளையின் விந்தைச் செலுத்துவது), சாயங்காலம் கண்டால் மறுநாள் காலை. பருவம் அடங்கி ஏறத்தாழ 10, 12 மணி நேரம் கழித்துத்தான் சினைமுட்டை வெளியே வரும், விந்து அதற்கு முன்பே போய்க் காத்திருக்க வேண்டும் என்பதுதான் இதன் காரணம். மாமிக்குக் காரணம் தெரியாது, நேரம் தப்பாது. "கலங்கி சீழ் மாதிரி வந்தா ஊசி போடாத மக்களே, டாக்டரைக் கூப்பிடு" என்பார். அதுவும் சரிதான், கருப்பையில் புண் இருந்தால் அப்படி வரும். (இவ்வளவும் பார்ப்பது மாமி. பால் பணம் ஏறும் பாஸ்புக் மாமா பெயரில்.)

இன்னொன்று. ஊசி போட்டு இரண்டு நாளில் வாலில் ரத்தக்கறை தெரிந்தால் "சினை பிடிக்கல, கலைஞ்சு போச்சு" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த ரத்தம் பிடித்ததற்கும் அடையாளம் இல்லை, பிடிக்காததற்கும் இல்லை. பருவம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான். பருவத்தைக் கவனிக்காமல் விட்டவர்களுக்கு உண்மையில் அது நல்ல துப்பு. அன்றிலிருந்து 18, 19 நாள் எண்ணி, அப்புறம் கண் வைத்தால் அடுத்ததைப் பிடித்துவிடலாம்.

ஈன்ற இரண்டாம் மாதம்தான் பால் உச்சத்தில் இருக்கும். அந்த அளவுக்குப் பசுவால் தின்ன முடியாது, உடம்புக் கொழுப்பைக் கரைத்துத்தான் கறக்கும். அந்த நேரத்தில் வெறும் வைக்கோலும் கழனித்தண்ணியும் வைத்தால் எலும்பு தெரிய ஆரம்பிக்கும், சினைப்பையும் வேலையை நிறுத்திவிடும். பச்சைப்புல், பிண்ணாக்கு, தாது உப்புக் கலவை இல்லாமல் மூன்று ஊசி போட்டுப் பார்த்துவிட்டு, மலடு என்று பட்டம் கட்டி புரோக்கர் கையில் கயிற்றைக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அப்படிப் போகிற பசுக்களில் பலவற்றுக்கு ஒரு குறையும் கிடையாது. நாம் இங்கே எந்த மாட்டுப் பால் உசத்தி, ஏ1 பாலா ஏ2 பாலா என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

பால் சொசைட்டியில் தினமும் லிட்டரும் கொழுப்பும் எழுதுகிறார்கள். கூடவே ஈன்ற தேதி, ஊசி போட்ட தேதி என்று இரண்டு கட்டம் சேர்த்தால் என்ன? ஊசி போடுகிறவருக்குச் சாயங்காலம் போன் போட்டால் "நாளைக்கு மத்தியானம் வாறேன்" என்கிற பதிலும் மாற வேண்டும். உறைவிந்து திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் வருஷக்கணக்கில் கெடாது. சினைமுட்டைக்கு அரை நாள்கூடத் தவணை இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் சாயங்காலமும் ஊசி போட ஆள் வேண்டும் என்று அடுத்த கிராமசபையில் நான் கேட்கப்போகிறேன். மாடு வைத்திருக்கிறவர்கள் கூட வாருங்கள்.