ஃப்ளூக்குன்னு சொல்றதுக்கு முன்னாடி

நேத்து அந்த போஸ்ட்டை எல்லாரும் பாத்திருப்பீங்க, திரும்ப முழுக் கதையும் சொல்ல வேண்டியதில்ல. "பேஸ்பால்ல அண்டர்டாக், அதான் சின்ன டீம், ஜெயிக்கிறதெல்லாம் ஃப்ளூக், குருட்டு அதிர்ஷ்டம், அது ஒரு லாட்டரி, ஸ்போர்ட்டே இல்ல"ன்னு எழுதியிருந்தாங்க. நான் பொறுமையா நாலு பாரா டைப் பண்ணி பதில் போட்டா, கீழ வரிசையா சிரிப்பு எமோஜி. சரி, அங்க கேக்க ஆளில்லன்னா என் பக்கத்துலயே சொல்லிக்கிறேன்.

பேஸ்பால்ல பெரிய டீம் தோக்குறது கோளாறு இல்லங்க. அந்த ஆட்டத்தோட அமைப்பே அதுதான்.

2001ல அமெரிக்காவோட பெரிய பேஸ்பால் லீக்ல சியாட்டில் மாரினர்ஸ் 162 மேட்ச்ல 116 ஜெயிச்சாங்க, அதுக்கு மேல இன்னிக்கு வரைக்கும் யாரும் ஜெயிச்சதில்ல. அப்பேர்ப்பட்ட டீமே 46 மேட்ச் தோத்திருக்கு, அப்புறம் பிளே ஆஃப்ல யாங்கீஸ்கிட்ட தோத்து ஃபைனலான வேர்ல்ட் சீரிஸுக்கே போகல. மத்த ஆட்டத்துல பெரிய டீம் இவ்ளோ தோக்குறதில்ல: பாஸ்கெட்பால்ல 2015-16 வாரியர்ஸ் 82ல 73 ஜெயிச்சாங்க. ஃபுட்பால்ல 2017-18 மான்செஸ்டர் சிட்டி 38ல 32. அடிமட்டத்துல பாருங்க, 2024 சிகாகோ ஒயிட் சாக்ஸ் 121 மேட்ச் தோத்து நாடே கைகொட்டி சிரிச்சுது, ஆனா அவங்களும் 41 மேட்ச் ஜெயிச்சிருக்காங்க. நாலுல ஒண்ணு! 2008ல டெட்ராய்ட் லயன்ஸ் அமெரிக்கன் ஃபுட்பால்ல ஆடின 16 மேட்ச்ல ஒண்ணுகூட ஜெயிக்கல. அந்த ஆட்டத்துல அது நடக்கும், பேஸ்பால்ல ஒரு முழு சீசன் அப்படிப் போகாது.

ஏன்னு கேட்டா, பாஸ்கெட்பால்ல கடைசி பத்து செகண்ட்னா பந்தை நேரா ஸ்டார் கையில குடுத்துடலாம். பேஸ்பால்ல பேட் பண்ண ஒம்போது பேர் வரிசை, யார் முறையோ அவங்கதான் வரணும். கடைசி இன்னிங்ஸ், ரெண்டு அவுட், முறை ஒம்போதாவது ஆளோடதுன்னா அவன்தான் நிக்கணும், மிஞ்சிப்போனா பெஞ்சுல இருக்கிறவனை மாத்தி இறக்கலாம், ஆனா ஏற்கெனவே ஆடிட்டிருக்கிற ஸ்டாரைக் கூட்டிட்டு வந்து நிறுத்த முடியாது. எவ்ளோ பெரிய பேட்டரா இருந்தாலும் ஒரு மேட்ச்ல நாலஞ்சு தடவைதான் வாய்ப்பு, அதுலயும் பத்துக்கு மூணு ஹிட் அடிச்சாலே நட்சத்திரம். மைக் ட்ரௌட்டும் ஷோஹெய் ஓட்டானியும் 2018லேர்ந்து 2023 வரைக்கும் ஆறு சீசன் ஒரே டீம்ல ஆடினாங்க. அந்த டீம், ஏஞ்சல்ஸ், அந்த ஆறு வருஷத்துல ஒரு தடவைகூட பிளே ஆஃப் போகல. உலகத்துலயே பெரிய ரெண்டு பேரை வெச்சிருந்தும்! இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்னு தெரியல.

அதோட ஸ்டார்ட்டிங் பிட்சர், அதான் மேட்சை ஆரம்பிச்சு பந்து வீசுறவன், தினம் மாறுவான். அஞ்சு பேர் முறை வெச்சு வீசுவாங்க. மொத்தமா பாத்தா சுமாரான டீம்தான், ஆனா அவங்க நல்ல பிட்சர் வர்ற அன்னிக்கு எதிர்ல யாரா இருந்தாலும் பயந்துதான் ஆகணும். மட்டையும் உருண்டை, பந்தும் உருண்டை, சில மில்லிமீட்டர் தள்ளிப் பட்டா ஹோம் ரன்னா வேலியைத் தாண்டிப் போக வேண்டியது நேரா மேல போய் கேட்ச் ஆயிடும். அடி வாங்கின வேகத்துல பறக்கிற பந்து ஷார்ட்ஸ்டாப்னு நிக்கிற ஃபீல்டர் கையில போய் விழும், மட்டை நுனியில பட்டு செத்துப்போன பந்து யாரும் இல்லாத எடத்துல விழுந்து ரன் ஆகும்.

"அதைத்தானே நாங்க அதிர்ஷ்டம்னு சொல்றோம்"னு வருவீங்க, தெரியும். இல்லங்க. அதிர்ஷ்டம் ரெண்டு பக்கமும் இருக்கு. வித்தியாசம் என்னன்னா இந்த ஆட்டம் பெரிய டீமுக்கு ஒளிஞ்சுக்க எடம் குடுக்கல. கடிகாரம் கிடையாது, லீட் எடுத்துட்டு பந்தை வெச்சுக்கிட்டு நேரத்தை ஓட்ட முடியாது. ஒம்போது இன்னிங்ஸ், ஒவ்வொண்ணுக்கும் மூணு அவுட், 27 அவுட்டும் எடுத்தே ஆகணும். 2023ல 84 மேட்ச் மட்டும் ஜெயிச்ச அரிசோனா டைமண்ட்பேக்ஸ், 100 ஜெயிச்ச டாட்ஜர்ஸை பிளே ஆஃப்ல 3-0ன்னு வெளிய அனுப்பினாங்க. முதல் மேட்ச்ல டாட்ஜர்ஸ் பிட்சர் கெர்ஷா, சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை மூணு தடவை வாங்கின மனுஷன், ஒரே ஒரு அவுட் எடுக்கிறதுக்குள்ள ஆறு ரன் குடுத்துட்டு இறங்கிப் போனார். மூணாவது மேட்ச்ல அரிசோனா ஒரே இன்னிங்ஸ்ல நாலு ஹோம் ரன். நாலு பேரும் அடிச்சதுங்க, வானத்துலேர்ந்து விழல.

இதுல என் கோபம் வேற எடத்துலேர்ந்து வருது, அதையும் சொல்லிடறேன். என் பையன் பத்து வயசுல லிட்டில் லீக், அதான் குழந்தைங்க பேஸ்பால், ஆடினான். அந்த சீசன்ல அவங்க டீம் ஜெயிச்சதே ரெண்டு மேட்ச். கடைசி மேட்ச் முதலிடத்துல இருந்த டீமோட. அவங்க ஸ்டார் பிட்சர் ரெண்டு நாள் முன்னாடிதான் 66 பந்துக்கு மேல வீசியிருந்தான், அப்படி வீசினா நாலு நாள் ரெஸ்ட் எடுக்கணும்னு ரூல், குழந்தைங்க தோள் கெட்டுடக் கூடாதுன்னு வெச்சது. வேற பையன் வீசினான். 4-4ல என் பையன் முறை வந்துச்சு, ஹெல்மெட் பெருசா இருக்கும் அவனுக்கு, ஒவ்வொரு பந்துக்கும் ஒரு தடவை மேல தள்ளி விட்டுக்குவான். மட்டை அடியில பட்டு பந்து மெதுவா எகிறி செகண்ட் பேஸுக்குப் பின்னாடி புல்லுல விழுந்துச்சு, மூணாவது பேஸ்ல இருந்தவன் ஓடி வந்துட்டான். 5-4. பசங்க ஒருத்தன் மேல ஒருத்தன் விழுந்து கத்துறாங்க. அப்ப எதிர் டீம் பையனோட அப்பா ஒருத்தர் எல்லாருக்கும் கேக்கிற மாதிரி, "விடுடா, சும்மா ஃப்ளூக்"ன்னாரு. கார்ல வரும்போது பையன் கேக்குறான், "அப்பா, ஃப்ளூக்னா நாங்க ஜெயிக்கலன்னு அர்த்தமா?" எனக்கு வார்த்தையே வரல. அந்த வருஷம் பூரா தோத்துத் தோத்து, அடுத்த நாளே பேட் எடுத்துட்டு பிராக்டீஸ் போனவன் அவன்.

இன்னொரு ஆட்சேபம், "டாட்ஜர்ஸ் காசு கொட்டி 2024, 2025 ரெண்டு வருஷமும் வேர்ல்ட் சீரிஸ் ஜெயிச்சாங்களே". ஜெயிச்சாங்க. காசு உதவாதுன்னு நான் எங்க சொன்னேன்? 2025ல ஏழாவது மேட்ச் வரைக்கும் டொராண்டோ இழுத்துட்டுப் போனாங்க, அதையும் சேத்து சொல்லுங்க.

"ஃபுட்பால்லயும் கோல் கம்மிதானே, அங்கயும் சின்ன டீம் ஜெயிக்குமே"ன்னு ஒருத்தர் மரியாதையா கேட்டிருந்தார். நியாயமான கேள்வி, நானும் யோசிச்சேன். ஒத்தை மேட்ச்னா அங்கயும் நடக்கும். ஆனா 2016ல லெஸ்டர் சிட்டி இங்கிலாந்து பிரீமியர் லீக் கப் அடிச்சதை உலகமே இன்னும் பேசுது, ஏன்னா அது அவ்ளோ அபூர்வம். 2006ல 83 மேட்ச் ஜெயிச்ச செயிண்ட் லூயிஸ் கார்டினல்ஸ் வேர்ல்ட் சீரிஸ் அடிச்சதை இங்க எத்தனை பேர் ஞாபகம் வெச்சிருக்கீங்க? அந்த 83ஐ இளக்காரமா பேசினவங்க அன்னிக்கும் இருந்தாங்க. ஜெயிச்சவன் கையிலேர்ந்து பறிக்கிறதுல அப்படி என்னதான் கிடைக்குதோ, எனக்குப் புரியவே இல்ல. பெரிய டீம் ஜெயிச்சா திறமை, சின்ன டீம் ஜெயிச்சா ஃப்ளூக், இந்தத் தராசை யார் உங்க கையில குடுத்தா?

அடுத்த சீசன்ல ஒரு இருபது மேட்ச் முதல் பந்துலேர்ந்து கடைசி அவுட் வரைக்கும் உக்காந்து பாருங்க, ஹைலைட்ஸ் இல்ல, முழுசா. பாத்துட்டு வந்து என்கிட்ட சண்டை போடுங்க, நான் இங்கதான் இருப்பேன். அதுவரைக்கும் அங்க போட்ட கமெண்டை டிலீட் பண்றதா இல்ல.