முதலில் பிரசவ மையத்தின் பதிவைக் கேளுங்கள்

மருத்துவக் காப்பீடு இருந்தால் மிட்வைஃப் (பிரசவம் பார்க்கப் பயிற்சி பெற்றவர்) உதவியோடு இயற்கைப் பிரசவத்துக்குத் தயங்க வேண்டாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. ஆசை நியாயமானது. ஆனால் நம் நாட்டில் க்ளெய்ம் முட்டிக்கொள்ளும் இடம் வேறு.

தனிநபர் பாலிசிகளில் பிரசவச் செலவு பொதுவாகவே விலக்குதான், அதாவது காப்பீட்டில் வராது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ-யின் விலக்குப் பட்டியலில் 18-ஆவது குறியீடு. கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்த்தாலும் பெரும்பாலும் 2 முதல் 4 வருடம் காத்திருக்க வேண்டும். அதனால் பலருக்கும் கைகொடுப்பது அலுவலகக் குழுக் காப்பீடு.

அப்புறம், மையம். காப்பீட்டு விதிப்படி அது 'மருத்துவமனை' என்று கணக்கில் வர, முறையாகப் பதிவு பெற்றிருக்க வேண்டும். இல்லையென்றால், 10 லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட ஊரில் 10 படுக்கை, மற்ற இடங்களில் 15 படுக்கை, அறுவை அரங்கு, 24 மணி நேர மருத்துவர், செவிலியர் என்று எல்லாம் வேண்டும். நாலைந்து அறைகளோடு அன்பாக நடத்தப்படும் பிரசவ மையம் பதிவில்லாமல் இந்தக் கணக்கில் எப்படித் தேறும்? வீட்டுப் பிரசவத்துக்கு மையம் என்ற ஒன்றே இல்லை.

மிட்வைஃபரி சேவைக்கு மத்திய அரசு 2018-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டு, செவிலியர்களுக்கு 18 மாதப் பயிற்சியும் வகுத்தது. காப்பீட்டு விதிகளும் அந்தத் திசையில் நகர வேண்டும். பல குழுப் பாலிசிகளில் சுகப்பிரசவத்துக்கு உச்சவரம்பு குறைவு, சிசேரியனுக்கு அதிகம் என்பதும் எனக்கு உறுத்தல்தான்.

கர்ப்பம் உறுதியானதுமே மையத்தின் பதிவுச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். மிட்வைஃப் கட்டணம் தனி பில்லா, மருத்துவமனை பில்லுக்குள் வருமா என்பதை டிபிஏவிடம் (காப்பீட்டு நிறுவனத்துக்காக க்ளெய்ம்களைக் கவனிக்கும் நிறுவனம்) மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொன்னது க்ளெய்ம் நேரத்தில் செல்லாது.