இழவு கேட்க ஆள் வராத துக்கம்

ப்ளஸ் டூ படிக்கும் ஒரு பிள்ளை, தான் நேசித்தவர் தனக்குத் தெரியாமல் இன்னொருவரோடும் பழகிவந்ததை அறிந்து உடைந்துபோனால், அதற்கான காரணத்தை வீட்டில் சொல்ல வழியே இருப்பதில்லை. சொன்னால் காதலித்ததே முதல் குற்றமாகிவிடும். ஏமாற்றப்பட்டது இரண்டாம் பட்சமாகி, “யார் அவன், எத்தனை நாளாக நடக்கிறது, போனைக் கொடு” என்று விசாரணை தொடங்கிவிடும். ஆகவே பிள்ளை தலைவலி என்கிறது, பசியில்லை என்கிறது, அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறது. வளரிளம் பருவத்துக் காதலில் துரோகம் தரும் வலியைவிட, அந்த வலியைச் சொல்லவிடாத இந்த வாயடைப்பே பிள்ளைகளுக்கு அதிகக் கேடு செய்கிறது என்பது என் உறுதியான கருத்து.

கென்னத் டோகா என்ற அமெரிக்க அறிஞர், சமூகம் துக்கமென்று ஒப்புக்கொள்ளாத துக்கங்களைப் பற்றி 1989-இல் ஒரு நூலே தொகுத்தார். உறவை வெளியில் சொல்ல முடியாதவர்கள், அந்த உறவின் இழப்பையும் வெளியில் சொல்ல முடியாமல் தவிப்பதை அவர் அதில் விளக்கியிருக்கிறார். நம் ஊரில் ஒரு சாவு விழுந்தால் பகையாளிகூட வந்து ஒரு நாழிகை உட்கார்ந்துவிட்டுப் போகிறான். பதினாறு வயதில் காதலை இழந்த பிள்ளைக்கோ இழவு கேட்க ஒருவரும் வருவதில்லை. மறுநாள் காலை வழக்கம்போல் சீருடை அணிந்து, பள்ளிப் பேருந்தில் ஏறியாக வேண்டும்.

“வயசுக் கோளாறு, நாலு நாளில் சரியாகிவிடும்” என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அண்மையில் காதல் முறிந்தவர்களிடம், பிரிந்தவரின் படத்தைக் காட்டி மூளையின் செயல்பாட்டைப் பதிவுசெய்த ஆய்வொன்று 2011-இல் வெளிவந்தது. உடலில் சூடு பட்டு வலிக்கும்போது இயங்கும் மூளைப் பகுதிகள் சில அப்போதும் இயங்கியதை அது காட்டியது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களைத் தொடர்ந்து கவனித்து 1999-இல் வெளியிட்ட ஆய்வோ, அந்த வயதில் முதன்முறையாக மனச்சோர்வு நோய் தோன்றுவதற்குக் காதல் முறிவை ஒரு முன்னறிகுறியாகக் கண்டது. எல்லாப் பிள்ளைகளும் நோயாளிகளாகிவிடுவார்கள் என்பதில்லை. பெரும்பாலோர் மீண்டுவிடுகிறார்கள், ஆனால், மீள்வதற்கு முந்தைய அந்த நாட்களை நாம் சிரித்துக் கடப்பது முறையன்று.

வெறும் பிரிவைவிடத் துரோகம் கடுமையானது, ஏனெனில் பிரிவு வரப்போகும் நாட்களைத்தான் பறிக்கிறது, துரோகமோ கழிந்த நாட்களையும் கெடுத்துவிடுகிறது. ‘அன்று டியூஷன் முடிந்து ஏன் சீக்கிரம் போனாள்’, ‘அந்த ஸ்டோரியை ஏன் என்னிடமிருந்து மறைத்தான்’ என்று பழைய நாட்கள் ஒவ்வொன்றையும் பிள்ளை தோண்டிப் பார்க்கிறது. முடிவில் ‘என்னிடம் என்ன குறை’ என்ற கேள்வியில் போய் நிற்கிறது; நிறம், உடல்வாகு, ஆங்கிலம், அப்பாவின் சம்பளம் என்று விடைகளையும் தானே கண்டுபிடித்துக்கொள்கிறது. பெரியவர்கள் இப்படி ஏமாற்றப்பட்டால் எண்ணை பிளாக் செய்யலாம், வேலையை மாற்றிக்கொள்ளலாம். மாணவர் பொதுத்தேர்வு முடியும்வரை அதே வகுப்பில் இருந்தாக வேண்டும். துரோகத்தைக் காட்டும் ஸ்கிரீன்ஷாட் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும்.

துரோகத்துக்கு அஞ்சியே பாஸ்வேர்டைப் பரிமாறிக்கொள்ளும் வழக்கம் ஒன்றும் பரவியிருக்கிறது. உண்மையாக இருப்பதற்கு அத்தாட்சியாம். என் பார்வையில் அது காதலுக்குள் நுழைந்துவிட்ட போலீஸ் வேலை. ஒரு லைக்குக்கும் ஒரு நள்ளிரவு ‘ஹாய்’க்கும் விளக்கம் கொடுத்துக்கொண்டிருக்கும் பிள்ளை, துரோகம் நிகழாமலேயே அதன் பதற்றத்தை முழுவதும் அனுபவித்துவிடுகிறது. பிரிந்தபின் அதே பாஸ்வேர்டும் படங்களும் பழிவாங்கும் கருவிகளாகவும் மாறக்கூடும். பதினெட்டு வயது நிரம்பாதவரின் ஆபாசப் படத்தைப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்படி முதல் முறையிலேயே ஐந்தாண்டு வரை சிறையும் பத்து லட்ச ரூபாய் வரை அபராதமும் தரத்தக்க குற்றம். “அவள் ஏமாற்றினாள், அதனால் போட்டேன்” என்பது அங்கே செல்லாது. ஏமாற்றியது பெண்ணாக இருந்தால் அவளைப் பேசக் கூசும் சொற்களால் பேசுவதற்கு ஊரே உரிமை எடுத்துக்கொள்கிறது என்பதையும், ஏமாந்தது பையனாக இருந்தால் அவனை அழவிடாமல் நண்பர்களே உசுப்பேற்றுகிறார்கள் என்பதையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

பெற்றோர் செய்யக்கூடியது சிறிதுதான். முதலில் சாப்பிட வையுங்கள். “அப்போதே தெரியும்” என்று சொல்லாதீர்கள். ஏமாற்றிய அந்தப் பிள்ளையைத் திட்டவும் வேண்டாம். அடுத்த வாரம் இருவரும் சேர்ந்துவிட்டால், அதன்பின் உங்களிடம் எதுவுமே சொல்லப்படாது. போனைப் பறித்தால் ஆறுதல் சொல்லும் தோழியும் சேர்ந்தே பறிபோவாள். தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தாலோ, சாவைப் பற்றிய பேச்சு ஒருமுறை வந்தாலோ, காத்திருக்காமல் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். 2022 முதல் இயங்கும் இந்த அரசு உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

ஏமாற்றிய பிள்ளையைப் பற்றியும் பேச வேண்டும், ஏனெனில் அதுவும் பிள்ளைதான். தோழியின் எண்ணைப் ‘பயாலஜி சார்’ என்று பதிந்துவைத்து, வீட்டில் அன்றாடம் பொய் சொல்லியே காதலித்துப் பழகிய ஒருவருக்கு, அதே பொய்யைக் காதலரிடமும் சொல்வது பெரிய தாவல் அன்று. மேலும், “எனக்கு இது போதும், பிரிந்துவிடலாம்” என்று எதிரே நின்று சொல்ல அவர்களுக்கு யாரும் கற்றுத் தரவில்லை. சொன்னால் மறுபக்கம் கையை அறுத்துக்கொள்ளுமோ என்று அஞ்சி, முதலாவதை முடிக்காமலேயே இரண்டாவதைத் தொடங்கிவிடுகிறார்கள். அப்படி மிரட்டப்படும் பிள்ளை, அந்தச் செய்தியைப் பெரியவர் ஒருவரிடம் காட்டலாம் என்றும், மறுபக்கத்து உயிரைத் தான் ஒருவரே தாங்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்றும் அதற்கு நாம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். ஆனால், காதலிப்பதாகவே வீட்டில் சொல்ல முடியாத பிள்ளை, பிரியப் பயமாயிருக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்லும்?